எஸ்டிமேட்டில் இல்லாத கேள்வி: உள்ளாட்சிப் பணிகளும் சுற்றுச்சூழல் அனுமதிகளும்

சென்னை மெரினாவில், சக்கர நாற்காலியில் வருபவர்கள் அலைக்கு அருகே போய்ச் சேர ஒரு மரப்பாதை இருக்கிறது. நீளம் 263 மீட்டர். பெருநகர சென்னை மாநகராட்சி அமைத்தது. 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள், பிறகு சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறைதான் எங்களுக்குக் கடலா என்று மாற்றுத்திறனாளிகள் கேட்டது நியாயமான கேள்வி. நிரந்தரப் பாதைக்கு ஆன செலவு ஒரு கோடி ரூபாயைச் சற்றுத் தாண்டியது. மாநகராட்சியின் கணக்கில் அது சில்லறை. ஆனால் சாதாரணத் தெருவுக்கு சிமென்ட் ஊற்றுவது போல அந்த மணலில் ஊற்றிவிட முடியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி பெற வேண்டியிருந்தது. பாதையும் மரத்தில்தான் அமைந்தது.

திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. அலை ஏறி வந்து பாதையின் கடல் பக்க முனையைப் பெயர்த்துப் போட்டது. பிறகு செப்பனிட்டுத் திரும்பவும் திறந்தார்கள். அப்போது கேலி செய்தவர்கள் நிறையப் பேர். எனக்கு அது கேலியாகப் படவில்லை. அந்தக் கரையில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று ஒரு சட்டம் உட்கார்ந்து யோசித்ததற்கான காரணத்தைப் புயல் ஒரே இரவில் சொல்லிவிட்டுப் போனது. மரம் பெயர்ந்தால் மரத்தை மாற்றலாம்.

ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு பணியின் கோப்பு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். மன்றத்தில் தீர்மானம், உதவிப் பொறியாளர் போடும் எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை. இந்த வரிசையில் ஒவ்வொரு மேசையும் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு? எத்தனை கன மீட்டர் மண், எத்தனை டன் கம்பி, எந்தத் தலைப்பில் நிதி, மார்ச் 31-க்குள் செலவு காட்டிவிட முடியுமா? சுற்றுச்சூழல் சட்டங்கள் கேட்பது வேறு கேள்வி: எங்கே? அந்த இடத்தில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், அலை எதுவரை ஏறும், பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், பள்ளத்தை நிரப்பும் மண் எந்த ஊரிலிருந்து வரும்? முதல் கேள்விக்கு விடை கிடைத்து, ஒப்பந்ததாரர் பொக்லைனைக் கொண்டு வந்து நிறுத்திய பிறகு இரண்டாவது கேள்வியைக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். அனுமதி தாமதமாகிறது என்ற புகாரில் பாதி, கேள்வி தாமதமாகக் கேட்கப்பட்டது என்பதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘சுற்றுச்சூழல் அனுமதி’ என்று ஒற்றைப் பெயரில் நாம் சொல்வது உண்மையில் ஒன்று அல்ல. மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் தரும் முன் அனுமதி ஒன்று. மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை வேறு. கடலோர மண்டல அனுமதி மூன்றாவது. காட்டு நிலமென்றால் வனத்துறை. சாலையோரப் புளியமரத்தை வெட்ட வேண்டுமென்றால், 2021 முதல் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு. நீலகிரி போன்ற மலைப்பகுதியென்றால் அதற்கும் தனி ஆணையம். இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்று கையில் இருக்கிறது என்பதற்காக இன்னொன்று விலகிக்கொள்ளாது.

பட்டியலில் இருப்பதும் இல்லாததும்

முன் அனுமதிக்கு அடிப்படை, 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான அறிவிக்கை. அதற்கு முன்பு 1994-இல் வந்தது ஒன்று இருந்தது. 2006 அறிவிக்கையின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள பணிகளுக்கு மட்டுமே இந்த அனுமதி. பெரியவை டெல்லிக்கு, மற்றவை மாநில ஆணையத்துக்கு.

அந்தப் பட்டியலை ஒரு நகராட்சிப் பொறியாளரின் கண்ணோடு படித்தால் வியப்பாக இருக்கும். தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது, மாநில நெடுஞ்சாலை இருக்கிறது. வார்டுச் சாலையும் ஊராட்சிச் சாலையும் இல்லை. 20,000 சதுர மீட்டரைத் தாண்டும் கட்டடம் இருக்கிறது. அதனால் பெரிய பேருந்து நிலையமும் வணிக வளாகமும் உள்ளே வரலாம், சிறிய சந்தைக் கட்டடம் வராது. பொதுவான திடக்கழிவு மேலாண்மை வளாகம் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நகரத்தின் பாதாளச் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இல்லை. மழைநீர் வடிகாலும் இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் அதிகம் பணம் கொட்டப்பட்ட பணியே வடிகால்தான். அது நிலத்தடி நீரை மாற்றும், ஏரியின் வரத்தை மாற்றும், முகத்துவாரத்தில் போய் விழும் நீரின் தன்மையை மாற்றும். ஆனால் பட்டியல் அதைக் கண்டுகொள்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதிக்கான வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தந்தது. கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மானிய வளர்ச்சி வங்கி. கடன் தரும் வங்கிகள் தங்கள் விதிப்படி சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை கேட்கின்றன. அதாவது நம் சட்டம் கேட்காத அறிக்கையை நமக்குக் கடன் கொடுப்பவர் கேட்கிறார். சொந்த நிதியில் போடும் வடிகாலுக்கு அதுவும் கிடையாது.

பட்டியலில் உள்ள பணிக்கு வழி நான்கு கட்டமாகப் போகும். முதலில் எந்த வகை என்று பிரிப்பது. அடுத்து, எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று வரம்பு வகுப்பது. மூன்றாவது மக்களிடம் கருத்துக் கேட்பது. கடைசியாக நிபுணர் குழுவின் மதிப்பீடு. விண்ணப்பம் 2018 முதல் ‘பரிவேஷ்’ என்ற இணையதளம் வழியாகத்தான். ஆய்வுக்கு மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின், ஏறத்தாழ மூன்று மாதத்தின் அடிப்படைத் தரவு, அதாவது பணிக்கு முன் அங்கே காற்றும் நீரும் மண்ணும் எப்படி இருக்கின்றன என்ற அளவீடு, வேண்டும். கருத்துக் கேட்பை 45 நாளில் முடிக்க வேண்டும். நிபுணர் குழுவுக்கு 60 நாள், ஆணையத்துக்கு 45 நாள். எல்லாம் சரியாக நடந்தாலும் தாளிலேயே ஓராண்டை நெருங்கிவிடும். ஏப்ரலில் நிதி வந்து மார்ச்சில் செலவழிக்க வேண்டிய அலுவலகத்துக்கு இந்தக் காலண்டர் பொருந்தவே பொருந்தாது. ‘மழைக்காலம் அல்லாத’ என்ற சொல்லையும் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மூழ்கும் ஊருக்கு, மழை பெய்யாத மூன்று மாதத்தில் எடுத்த தரவை வைத்து அறிக்கை எழுதலாம்.

நான்கு கட்டங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கருத்துக் கேட்புக் கூட்டம். அதை நடத்துவது மாசு கட்டுப்பாட்டு வாரியம். தலைமை தாங்குவது மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி. 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடக்கும். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில், பேசியவர்கள் சொன்னதையெல்லாம் தொகுத்து உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். அதன் பிறகுதான் ஆட்சியர் கையெழுத்து. இந்தக் கடைசி விதி பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், கூச்சலோடு பாதியில் எழுந்து போவதைவிட உட்கார்ந்திருந்து, ‘நான் சொன்னதை வாசித்துக் காட்டுங்கள்’ என்று கேட்பது பலன் தரும் என்று புரிந்திருக்கும்.

ஆனால் முழு ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் கட்டாயமாகத் தர வேண்டியது அதன் சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கங்களில் எந்தப் பக்கத்தில் தங்கள் கிணறு ‘கிணறு இல்லை’ என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரு கிராமம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அறிக்கை கூட்டத்துக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படும். திட்டத்தை முன்வைப்பதே அந்த உள்ளாட்சியாக இருக்கும்போது, அறிக்கையைப் பார்க்கப் போகிறவர் யாருடைய அலுவலகப் படியேற வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

குப்பைக்கு இடம் தேடுவது

உள்ளாட்சியின் பணிகளில் ‘எங்கே’ என்ற கேள்வி மிகக் கூர்மையாக வரும் இடம் குப்பை. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் கையாளும் நிலையத்துக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும் என்றன. குப்பையைப் புதைக்கும் கிடங்குக்கு இடம் எப்படி இருக்க வேண்டும் என்று அளவும் கொடுத்தன: ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்தும் 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்தோ விமானப்படைத் தளத்திலிருந்தோ 20 கிலோமீட்டர். தடையில்லாச் சான்று கிடைத்தால் விமானத் தளத்துக்கான தூரத்தை 10 கிலோமீட்டர் வரை குறைக்கலாம். நூறு ஆண்டுப் பதிவின்படி வெள்ளம் பரவும் நிலம் கூடாது, கடலோர மண்டலம் கூடாது, சதுப்புநிலம் கூடாது.

ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு இந்த வட்டங்களைப் போட்டுப் பாருங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம், சூலூரில் இன்னொன்று, தாம்பரத்தில் மற்றொன்று, அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம். இவற்றோடு சென்னை, மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி, சேலம் விமான நிலையங்கள். டெல்டாவில் எந்தப் புள்ளியில் நின்றாலும் கையெட்டும் தூரத்தில் ஒரு வாய்க்காலோ குளமோ இருக்கும். மிச்சம் விழும் நிலம் எது? பெரும்பாலும் இன்னோர் ஊராட்சியின் மேய்ச்சல் நிலம். நகரத்தின் குப்பைக்குக் கிராமத்தின் மேய்ச்சல் நிலம் என்று பேச்சு எழுந்தால் அந்தக் கிராமம் சாலையில் உட்காரும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

விதிகள் கடுமையாக இருக்கின்றன என்று சொல்பவர்கள் பெருங்குடியையும் கொடுங்கையூரையும் போய்ப் பார்க்கலாம். அந்த இரண்டு கிடங்குகளும் இந்த விதிகள் பிறப்பதற்கு முன்பே அங்கே வந்துவிட்டவை. பெருங்குடிக் கிடங்கு அமைந்தது பள்ளிக்கரணைச் சதுப்பிலேயே. அதே சதுப்புநிலத்தில் 1,247 ஹெக்டேர் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இப்போது பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து நிலத்தை மீட்கும் பணிக்குப் பெருங்குடியில் சுமார் 350 கோடி ரூபாய், கொடுங்கையூரில் சுமார் 640 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். கொடுங்கையூரில் மட்டும் 66 லட்சம் டன்னுக்கு மேல் குப்பை. அன்று யாரும் ‘எங்கே’ என்று கேட்காமல் விட்டதன் பில் இது. பள்ளம் கிடைத்தது, கொட்டினார்கள். சதுப்பு என்ற சொல்லுக்கு அந்தக் காலத்துக் கோப்பில் ‘தரிசு’ என்று பெயர்.

சாலைக்கு மண் எங்கிருந்து வருகிறது?

ஊராட்சிச் சாலைக்கு முன் அனுமதி வேண்டாம் என்று மேலே சொன்னேன். ஆனால் சாலைக்கு கிராவல் வேண்டும். கிராவல் பூமிக்குள் இருக்கிறது. கதை அங்கே மாறுகிறது.

2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் எதிர் ஹரியாணா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. அதுவரை பெரிய குவாரியைப் பல சிறு துண்டுகளாகக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்புக்குப் பிறகு மணல், சவுடு, கிராவல், ஜல்லி எல்லாம் உள்ளே வந்தன. நாடெங்கும் விண்ணப்பங்கள் குவிந்தன. 2016 ஜனவரியில், மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலேயே அனுமதி தரும் ஆணையங்களை மத்திய அரசு அமைத்தது. 2018-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. கோப்புகள் மறுபடி மாநில ஆணையத்துக்கே திரும்பின. ஒரு கிராமத்தில் அரை கிலோமீட்டர் சாலைக்குக் கிராவல் அடிக்கும் லாரியின் நடைச்சீட்டுக்கு, அதாவது கனிமம் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டுக்கு, பின்னால் சென்னையில் ஒரு நிபுணர் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு இருக்கிறது என்பது அப்படி வந்த நிலைமை.

2020 மார்ச் 28, ஊரடங்கு தொடங்கிய முதல் வாரம். அன்றைக்கு ஓர் அறிவிக்கை வந்தது: சாலை, குழாய் போன்ற நீண்டு செல்லும் பணிகளுக்குச் சாதாரண மண் எடுக்க முன் அனுமதி தேவையில்லை. ஒப்பந்ததாரர்களுக்குப் பெரிய நிம்மதி. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. எந்தப் பணி இந்த வகையில் வரும் என்பதற்கு வரையறை இல்லை. எவ்வளவு மண், எவ்வளவு பரப்பு என்பதற்கு எல்லை இல்லை. வரைவு வெளியிட்டு மக்களிடம் கருத்தும் கேட்கவில்லை. சாலைப் பணிகளே நின்றுபோயிருந்த நாள்களில் அப்படி என்ன அவசரம் என்றும் நீதிமன்றம் கேட்டது. என் பார்வையில் அது சரியான தீர்ப்பு. மண் எடுப்பது சாதாரணமாகத் தோன்றுவது நிரப்பும் இடத்தில் இருப்பவருக்குத்தான். தோண்டும் ஊரில் இருபது அடிப் பள்ளம் மிஞ்சும், அடுத்த மழையில் ஆடு மேய்க்கும் பிள்ளை அதில் விழும்.

இதே அறிவிக்கைகளில் உள்ளாட்சிக்கு உதவும் உண்மையான விலக்குகளும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்திலும் பிற அரசுத் திட்டங்களிலும் ஊர்க்குளத்தைத் தூர்வாருவது, ஊர்ச்சாலை போடுவது, கரை கட்டுவது ஆகியவற்றுக்கு முன் அனுமதி வேண்டாம். அணை, ஆறு, கால்வாய்களைப் பராமரிப்புக்காகத் தூர்வாரவும் வேண்டாம். குயவர் கையால் எடுக்கும் களிமண்ணுக்கும் விலக்கு உண்டு. ஆனால் குளத்தைத் தூர்வாருகிறோம் என்ற பெயரில் வண்டலுக்குக் கீழே இருக்கும் மணலையும் சேர்த்து அள்ளினால், அந்த நொடியே அது சுரங்கப் பணி. இந்த எல்லைக்கோட்டில்தான் தமிழ்நாட்டின் பாதிச் சவுடு வழக்குகள் நிற்கின்றன.

சாக்கடையும் கடலும் காடும்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி நிறுவுவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு இன்னோர் இசைவாணை. முழுமையான விண்ணப்பம் தந்து நான்கு மாதத்தில் வாரியம் பதில் சொல்லாவிட்டால் இசைவு கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பல நகராட்சிகள் நிறுவும் இசைவை வாங்கிக் கட்டி முடித்து, இயக்கும் இசைவைப் புதுப்பிக்க மறந்துவிடும். நகராட்சிதானே, யார் கேட்பார்கள் என்ற நினைப்பு. கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், நகராட்சியும் சட்டத்தின் கண்ணில் ஒரு நிறுவனமே என்றும், கழிவுநீர்க் குற்றத்துக்கு அதன் ஆணையர் மீதே வழக்குத் தொடரலாம் என்றும் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகாவது ஆணையர்கள் புதுப்பிக்கும் தேதியைத் தங்கள் மேசை நாள்காட்டியில் எழுதிவைத்திருக்க வேண்டும்.

கடலோரம் இன்னும் நுட்பமானது. 1991, 2011, 2019 என்று மூன்று அறிவிக்கைகள். அலை அதிகபட்சமாக ஏறும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் உள்ளே வரை மண்டலம். அதோடு முடியவில்லை, அலை ஏறி இறங்கும் ஆறு, கழிமுகம், கால்வாய் ஆகியவற்றின் கரையும் சேர்த்தி. 2011-இல் அந்தக் கரைக்கு 100 மீட்டர் அல்லது நீர்ப்பரப்பின் அகலம், எது குறைவோ அது என்று வைத்தார்கள். 2019-இல் 100 என்பது 50 ஆனது. அதனால் கடலே கண்ணுக்குத் தெரியாத ஒரு வார்டில், கூவத்தையோ அடையாற்றையோ பக்கிங்காம் கால்வாயையோ ஒட்டி ஒரு கழிப்பறை கட்டப் போனால்கூடக் கடலோர வரைபடத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எந்தப் புல எண் எந்த வகை மண்டலத்தில் விழுகிறது என்பது அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. எஸ்டிமேட் போடுவதற்கு முன் அதைப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி பகுதிகளில் மாநகராட்சி மழைநீர் வடிகால் போட முனைந்தபோது குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். வடிகால் வேண்டாம் என்று மக்கள் சொல்வது சென்னையில் அரிது. இது மணற்பாங்கான இடம், பெய்யும் மழையைத் தானே குடித்துக்கொள்ளும், நீங்கள் கான்கிரீட் பெட்டி போட்டு அதைக் கடலுக்கு அனுப்பினால் எங்கள் கிணற்றில் உப்புத்தான் ஏறும் என்பது அவர்கள் வாதம். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது. கடலோர அறிவிக்கையின் தடைப் பட்டியலிலிருந்து மழைநீர் வடிகாலுக்கு விலக்கு இருக்கிறது, உண்மைதான். விலக்கு என்றால் விண்ணப்பிக்கலாம் என்று பொருள். போட்டுவிடலாம் என்று பொருள் அன்று. அந்தக் கரையில் மணலும் கிணறும் கேட்ட கேள்வியை மதிப்பீட்டுக் கட்டத்திலேயே ஒருவர் கேட்டிருந்தால், அது தீர்ப்பாயத்தின் முன் கேட்கப்பட வேண்டிய தேவையே வந்திருக்காது.

காட்டைப் பொறுத்தவரை நிலைமை எதிர்பார்ப்புக்கு மாறானது. மலைக்கிராமத்துக்குச் சாலை போட வனத்துறை விடாது என்பது எல்லோரும் சொல்லும் குறை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2)-ஐ எடுத்துப் பாருங்கள். பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குளம், குடிநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு, சிறு பாசன வாய்க்கால், மரபுசாரா எரிசக்தி, தொழிற்பயிற்சி மையம், சாலை, சமுதாயக் கூடம் என்று 13 வகைப் பணிகள். ஒவ்வொன்றுக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் டெல்லிக்கோ சென்னைக்கோ கோப்பு போக வேண்டாம். மாவட்ட வன அலுவலர் அளவிலேயே முடியும். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டங்களில் உள்ளாட்சியின் கையைப் பிடித்து அழைத்துப்போகும் பிரிவு இது ஒன்றுதான் என்பேன். முதல் படி கிராம சபை. அதாவது இங்கே மட்டும் ‘எங்கே’ என்ற கேள்வி, எஸ்டிமேட் எழுதுவதற்கு முன்பே, அந்த இடத்தில் வாழ்கிறவர்களிடம் கேட்கப்படுகிறது.

எந்த அனுமதியும் கரைசேர்க்க முடியாத ஓர் இடமும் உண்டு: ஏரிப் புறம்போக்கு. வருவாய்க் கணக்கில் நீர்நிலை என்று இருக்கும் நிலத்தில் பேருந்து நிலையமோ ஊராட்சி அலுவலகமோ கட்டும் பழக்கம் நமக்கு வெகுநாளாக உண்டு. அரசு நிலம், காசு கொடுக்க வேண்டாம், வழக்குப் போடுபவர் யாருமில்லை என்ற மூன்று வசதி. 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. 2017-இன் சதுப்புநில விதிகள், அறிவிக்கப்பட்ட நிலங்களில் பத்தாண்டு வெள்ளத்தின் சராசரி உயர்மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன. ‘நீர் வற்றிப் பல வருடமாகிவிட்டது’ என்று எழுதும் கோப்புகளுக்கு 2015 டிசம்பரில் ஏரிகளே பதில் எழுதின.

இவ்வளவையும் ஒரு பேரூராட்சியில் யார் பார்ப்பார்? ஒரு செயல் அலுவலர், ஓர் இளநிலைப் பொறியாளர். அந்தப் பொறியாளருக்கும் பக்கத்துப் பேரூராட்சியின் கூடுதல் பொறுப்பு. உயர் அலைக் கோடும் அடிப்படைத் தரவும் அவர்கள் படித்த பாடத்தில் இல்லை. அதனால் அறிக்கை எழுத அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவார்கள். பணம் கொடுப்பவரே விண்ணப்பதாரர் என்பதால் ‘இந்த இடம் சரியில்லை’ என்று எழுதும் அறிக்கையை நான் இன்னும் பார்க்கவில்லை. மேலே, மாநில ஆணையத்துக்கும் மூன்றாண்டுப் பதவிக்காலம்தான். அது முடிந்து புதிய ஆணையம் அமையாத இடைவெளியில் கோப்புகள் டெல்லிக்குப் போக வேண்டும். அந்த இடைவெளிக்கு நகராட்சி பொறுப்பல்ல. ஆனால் கவுன்சிலரிடம் திட்டு வாங்குவது நகராட்சிப் பொறியாளர்தான்.

கட்டி முடித்த பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசை இந்த நெருக்கடியில்தான் பிறக்கிறது. 2017 மார்ச்சில் ஓர் அறிவிக்கை, 2021 ஜூலையில் ஓர் அலுவலகக் குறிப்பாணை இரண்டும் அதற்குக் கதவைத் திறந்தன. 2025 மே 16 அன்று, வனசக்தி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு இரண்டையும் ரத்து செய்தது: முன் அனுமதி என்றால் முன்புதான். ஆறு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, மூன்று நீதிபதி அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. அன்றைய தலைமை நீதிபதி கவாய் சொன்ன முக்கியக் காரணம் பொதுப்பணம்: சுமார் 20,000 கோடி ரூபாய் மதிப்புள்ள பொதுத் திட்டங்களை இடிக்க வேண்டிவரும், அவற்றில் ஒடிசாவில் 962 படுக்கைகள் கொண்ட எய்ம்ஸ் மருத்துவமனையும் கர்நாடகத்தில் ஒரு விமான நிலையமும் உண்டு. முதல் தீர்ப்பிலும் இருந்த நீதிபதி உஜ்ஜல் புயான் இந்த முறை உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார்.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு நெருடியது இடிப்பதா வேண்டாமா என்பதல்ல. மருத்துவமனையை இடிக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். விதியை மீறியவர்களின் வரிசையில், விதியை எழுதிய அரசின் கட்டடங்களே முன்னால் நின்றன. அவற்றைக் காட்டித்தான் மற்றவர்களுக்கும் கதவு திறந்தது. அந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எஸ்டிமேட் இருந்திருக்கும். காசுக் கணக்கு வரை சரிபார்த்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டிருப்பார்கள்.